உலைக்குச் சுற்றிப்போட்டவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர்களைச் சூடேற்றிக் கடினமாக்கும் பட்டறை ஒன்றில் துலுக்கானம் உலைப் பொறுப்பாளர். பட்டாபிராம் வீட்டில் அவர் பேச்சை மனைவி பார்வதம் கேட்பதில்லை, வளர்க்கிற நாயும் கேட்பதில்லை. தொள்ளாயிரம் டிகிரியில் தகதகக்கும் உலை மட்டும் கேட்கும். அதனால் அதன் மேல் அவருக்கு உயிர்.

கியர்களை அடுக்கி உலைக்குள் தள்ளும் கூடை, நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது, சில மாதத்திலேயே செதில் செதிலாக உரிந்து முறிந்தது. மாற்றிய கூடைக்கும் அதே கதி. ஓனர் ஜெகதீசன் கத்தினார்: "இன்னொரு கூடை போச்சுன்னா ஃபர்னஸ உன் ஹெல்பர் பால்ராஜ்கிட்ட குடுத்துட்டு நீ பேக்கிங்குக்குப் போய்யா!"

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. துலுக்கானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

நோய் என்னவென்று அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். திருஷ்டி. எதிர்ப் பட்டறைக்காரன் டீ குடிக்கிற சாக்கில் உலையையே வெறிப்பான், சனியன். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து உலையைச் சுற்றிவிட்டு, கதவைத் திறந்து அதற்குள்ளேயே வீசிவிடுவார். இவ்வளவு பெரிய நெருப்பு இருக்கும்போது வேறு அடுப்பை யார் தேடுவார்கள்?

மிளகாய் நெடி வராவிட்டால் திருஷ்டி பலம் என்பது ஊரறிந்த கணக்கு. அந்தச் சூட்டில் மிளகாய் நொடியில் சாம்பல், புகையைப் புகைபோக்கி இழுத்துக்கொள்ளும். நெடி எங்கிருந்து வரும்?

"பாத்தியா பால்ராஜு, ஒரு தும்மல் வர்ல. இன்னா கண்ணுடா இது!" என்று அடுத்த வாரம் இரண்டு பிடி போட்டார். ஓனர் கத்திய பிறகு தினமும் போட்டார்.

மூன்றாவது கூடையும் வாயைப் பிளந்தது. கூடை செய்கிற கம்பெனியிலிருந்து யுவராணி என்கிற இன்ஜினியர் வந்தார். உரிந்த செதிலைப் புரட்டிப் பார்த்தார். உலை வாயில் சிந்திக் கிடந்த கல்லுப்பையும் பார்த்தார்.

"இங்க யாருண்ணே உப்பு போடறது?"

"நான்தாம்மா" என்றார் துலுக்கானம், மெடல் வாங்கப் போகிறவர் மாதிரி.

"சூட்டுல குரோமியம் காத்தோட சேர்ந்து மேல ஒரு தோல் கட்டும்ணே, பாலாடை மாதிரி. அதுதான் உள்ள இருக்கிற உலோகத்தைக் காப்பாத்துது. உப்பு அந்தத் தோலைத் தின்னுடும்."

ஜெகதீசன் விழுந்து விழுந்து சிரித்தார். துலுக்கானம் சிரிக்கவில்லை.

"அப்போ ஃபர்னஸுக்குப் பட்ட கண்ணு என்துதானா?"

அவமானமாக இருந்தது. அதைவிட, உலையைத் தானே கெடுத்துவிட்டோமே என்றுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை பேக்கிங்கில் உட்கார்ந்தார். பால்ராஜ் பொறுப்பேற்றான், புதுக் கூடையும் வந்தது. ஆனால் பால்ராஜுக்கு வேறு பயம். டேப்பும் கையுமாகத் துலுக்கானம் நாள் முழுக்க உலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருஷ்டிக்கு வேறென்ன வேண்டும்? யுவராணி சொன்னதை அவனும் கேட்டவன்தான். ஆனால் அதெல்லாம் துலுக்கானத்தின் உப்புக்கு என்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவன் பிடி உப்போடு உலையைச் சுற்றிவந்து கதவைத் திறந்தான். துலுக்கானம் டேப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடு அண்ணாத்தே! காலைலேர்ந்து பாத்துகினே கீறே. உன் கண்ணு சும்மா உடுமா?"

துலுக்கானம் பிடியை விடவில்லை.

"ஆமாடா, பாத்துகினுதான் கீறேன். வயிறு எரிஞ்சிகினுதான் கீறேன். என் கண்ண அது தாங்கும்டா. உப்பத் தாங்காது."