மேடையில் போட்ட இரண்டு நாற்காலி

என் புருஷனுக்கு நாங்கள் இரண்டு பேர். நானும், ஓர் ஆணும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இந்த வயதில் எனக்கு அவசியம் இல்லை. இப்போது பேத்தி இதற்குக் 'கே' என்று ஒரு பேர் சொல்கிறாள். எங்கள் காலத்தில் இதற்குப் பேர் கிடையாது. பேர் இல்லாததால் யாரும் கேட்கவும் இல்லை.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அந்த இன்னொருவர் இந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. இரண்டு பேரும் வடசேரியில் சேர்ந்து வாழைக்குலை மண்டி வைத்திருந்தார்கள். விடியுமுன் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்காள் வீட்டோடு இருந்தார். என்னை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு அவர் கொழுந்தன்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு நாள் துணி எடுக்கப் போனவள், மத்தியானம் மண்டிக்கும் போனேன். உள்ளே கொழுந்தன் ஸ்டவ்வில் வைத்த சாளைமீன் கறி. வெளியே அடுக்கியிருந்த குலைகளுக்குப் பின்னால் நான் நின்றது இரண்டு பேருக்கும் தெரியாது.

"இது கறியா, சட்டி கழுவின தண்ணியா? உப்பு எங்க?" இது என் புருஷன்.

"உப்பு சட்டியில உண்டு. உமக்க நாக்குலதான் இல்ல. திங்கணும்னா தின்னும், இல்லைன்னா மைனிகிட்ட போவும்."

"நாளைக்கு நான் வைக்கேன், பாரு."

"கிழிச்சீரு."

அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நான் கேட்டது. ஆனால் என் புருஷன் என் சமையலை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. என்னிடம் குரலை உயர்த்தினதில்லை. வைத்ததைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். தெருவில் பெண்கள் அதற்காகவே என்னைப் பார்த்து வயிறெரிந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன், வெளியே நின்று.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நீ சொல்லு. மண்டிய விட்டுருகேன்" என்றார்.

மண்டியை விட்டால் அவர் என் பக்கம் திரும்பிவிடுவாரா? மாட்டார். நான் விட்டுப் போகலாம் என்றால் எங்கே போக? அப்பன் வீட்டில் அண்ணன்மார். சபையில் கல்யாணத்தைத் தீர்த்துவிடுகிற வழக்கம் கிடையாது. போய் என்ன சொல்வேன், எனக்கு வார்த்தையே இல்லையே.

"விடாண்டாம்" என்றேன். "ஆனா ஊருல எனக்க மொகத்தப் பாத்து எவளும் ஒரு வார்த்த சொல்லப்பிடாது. அத நீரு பாத்துக்கிடணும்."

கடைசிவரை பார்த்துக்கொண்டார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு கலவரம் வந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் ஆனோம். பால்காரன்கூட வேதக்காரனா இந்துவா என்று பார்த்துத்தான் வந்தான். சமாதானக் கமிட்டிக்காரர்கள் ஒற்றுமைக்கு ஆள் தேடினார்கள். ஒரே ஸ்கூட்டரில் ஒரு இந்துவும் ஒரு கிறிஸ்தவனும் போகிறார்கள் என்றால் அது இவர்கள் இரண்டு பேர்தான். மேடையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, சால்வை போர்த்தி, "இவர்களைப் பாருங்கள்" என்றார்கள். முன்வரிசையில் பட்டுச் சேலையில் நான்.

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யாருக்கும் தப்பிக்கவும் வழியில்லை. அவர்கள் பிரிந்தால் ஊர் ஒற்றுமை போச்சு என்பார்கள். நான் பிறந்த வீட்டில் ஒரு வாரம் தங்கினால், என்ன ஏது என்று கமிட்டிக்காரர் கேட்டு வருவார். மூன்று பேரும் அந்தச் சால்வைக்குள் மாட்டிக்கொண்டோம். மேடைக்கு மேடை சால்வை சேர்ந்தது, மெத்தைக்கு உறை தைக்கிற அளவுக்கு.

போன வருஷம் மண்டியில் வைத்து என் புருஷனுக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கொழுந்தன்தான். என் மகன் போய்ச் சேர்ந்ததும் கொழுந்தனை வெளியே நிறுத்திவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது. கொழுந்தன் பார்க்கவில்லை.

மகன் சபைக் கமிட்டி எலெக்ஷனில் நிற்கிற சமயம் அது. மறுநாள் காலையில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்து சொன்னான்:

"அம்மா, சித்தப்பா வந்து பந்தல்ல படத்துக்கு மால போடட்டும். மைக்குல ரெண்டு வார்த்த பேசட்டும். உள்ள மட்டும் வராண்டாம்."

"ஏம்லே?"

"எதிரணிக்காரனுவ ஏற்கனவே ஒரு மாதிரி பேசுகானுவ. அவரு பெட்டி மேல விழுந்து அழுதா, எவனாவது போன்ல பிடிச்சு விடுவான். அத்தோட தீந்துது."

அந்தப் பக்கமும் சும்மா இல்லை. கொழுந்தனுடைய அக்காள் மகன் வேறு கொடிக்காரன். "ஜெபம் தொடங்குனதும் எந்திச்சு வந்திரணும் மாமா. நீரு வேதக்காரன் வீட்டுல முட்டுக்குத்தி நிக்கிற போட்டோ வந்தா நான் கட்சியில எப்படித் தல காட்ட?" என்று எங்கள் வாசலில் வைத்தே சொன்னான். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

பந்தலில் கொழுந்தனுக்கு முன்வரிசை நாற்காலி கொடுத்தார்கள். எல்லாக் கொடிக்காரர்களும் நட்பைப் பற்றிப் பேசினார்கள். மைக் அவர் கைக்கு வந்தபோது, "காலம்பற ஒண்ணும் திங்காமப் போயிட்டான்" என்றார். மைக்கை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

அடக்கப் பெட்டி வந்தது. எங்களில், பெட்டியை மூடுமுன் முகத்தில் வெள்ளைத் துணி போடுவது வீட்டுக்காரி. போதகர் என்னைப் பார்த்தார். துணி என் கையில் இருந்தது. அதை நான் போட்டுவிட்டால் கொழுந்தன் இனிமேல் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தாலோ, இத்தனை வருஷம் எவள் வாயையும் திறக்க விடாமல் நான் காத்ததை நானே நடுவீட்டில் போட்டு உடைத்த மாதிரி. குடும்பம் முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எழுந்து வாசலுக்குப் போனேன். கொடிக்காரர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஒத்துமை ஒத்துமைன்னு மேடையேத்துனிய இல்லியா? இப்பம் கொழுந்தன உள்ள கூட்டிட்டு வாருங்க. துணிய அவரு போடட்டும். ஊரு பாக்கட்டும்."

மகன் முகம் செத்துப்போனது. "அம்மா..." என்றான்.

"நீயும் கைய பிடி. ஓட்டு வரும்லே" என்றேன்.

அக்காள் மகனே ஒரு பக்கம் பிடித்தான். போன்கள் எல்லாம் மேலே எழும்பின. உள்ளே வந்தவருக்கு அழ முடியவில்லை. அத்தனை கண்ணுக்கு முன்னால் எப்படி அழுவார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விறைத்து நின்று துணியை வாங்கினார். முகத்துக்கு மேல் குனிந்தபோது, தலைமாட்டில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"சொன்னா கேட்டாத்தானே" என்று கடிந்துகொண்டார். துணியைப் போட்டார். அப்படியே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் படம் எல்லார் போனிலும் ஓடியது. மகன் ஜெயித்தான். மண்டியை அக்காள் மகன் விற்றுவிட்டான். கொழுந்தன் இப்போது வீட்டைவிட்டு இறங்குவதில்லை, விடுவதில்லை என்றும் சொல்கிறார்கள். நான் ரோட்டைத் தாண்டி ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்குப் போகிறவள் இல்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு அவர் வர முடியாது.

வருஷம் திரும்பினதும் மறுபடி ஒற்றுமைக் கூட்டம் போட்டார்கள். என் புருஷன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவர், மெலிந்துபோய். இரண்டு பேருக்கும் சால்வை. முன்னால் ஒருவர் மைக்கில் பேச்சை நீட்டிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் உதடு அசையாமல் கேட்டார்: "மைனி, அங்கன புல்லு மொளைச்சிருக்கா?"

"மொளைச்சுது. நேத்து பறிச்சுப் போட்டேன்."

"எதுக்குப் பறிச்சிய? அவனுக்கு வெயிலு ஆவாதுன்னு தெரியாதா?"

"கல்லறைய காடா போட்டு வைக்கச் சொல்லுகீரா?"

"வருஷம் இத்தன ஆச்சு, இது தெரியல்ல."

"வாய மூடும். கேமரா பாக்குது."

அவர் வாயை மூடினார். நானும் நேரே பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. அடுத்த கூட்டத்தில்தான் சொல்ல முடியும்.