பாலத்தில் என் மகளின் கல்யாணப் புடவை

போன் அடித்தால் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். போர் நின்றுவிட்டது என்று தெரிந்தும் அப்படித்தான். என் மகள் நர்ஸாக இருக்கும் அந்த ஆப்பிரிக்க நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

கடைசியாக லீவில் வந்திருந்தபோது கல்யாணம் பேசி முடித்தோம். அடுத்த லீவில் சர்ச்சில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளரிடம் சொல்லி, வெள்ளைப் பட்டில், வெள்ளி ஜரிகையில் திராட்சைக் கொடி ஓடும் கரையோடு புடவை நெய்து வாங்கினேன். ஜாக்கெட் துணியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குள் கொஞ்சம் உடம்பு வைப்பாள், அப்போது அளவெடுத்துத் தைக்கலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. புடவையை அவள் விடவில்லை.

"ஆஸ்பத்திரில எல்லாருக்கும் காட்டிட்டு எடுத்துக்கினு வந்துடறேம்மா."

"பட்டுடி. அழுக்காயிடப் போவுது."

"அதைக் கட்டிக்கினு நான் என்னா நாத்து நடவா போறேன்?"

அவள் போன சில மாதங்களில் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆற்றுக்கு ஒரு பக்கம் அரசாங்கப் படை, மறுபக்கம் எதிர்த்தவர்கள். அவள் இருந்த ஊர் நடுவில் இரண்டாகிவிட்டது. இந்தியர்களை அழைத்துவர விமானம் போனது. அவள் ஏறவில்லை. பிரசவ வார்டில் ஆள் இல்லையாம். அதற்கப்புறம் போனும் போய்விட்டது.

துபாயிலிருந்து மாப்பிள்ளைப் பையன் தினமும் கேட்பான். "அத்த, எதனா தெரிஞ்சிதா?" அதையேதான் நானும் அவனிடம் கேட்பேன். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் நான். அந்த மாதங்களில் உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டவே இல்லை.

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவன் ஒரு வீடியோ அனுப்பினான். அந்த ஊரின் பாலம். இரு கரைப் பெண்களும் வந்து பாலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி. கோஷம் எதுவும் இல்லை. இரண்டு முனையிலும் படை லாரிகள் நகர முடியாமல் நின்றன. துப்பாக்கியோடு நின்ற பையன்களில் பலர் அந்தப் பெண்கள் பெற்றவர்கள்தான் என்று செய்தி வாசித்தவர் சொன்னார்.

ஒவ்வொரு முகமாகத் தேடினேன். என் பெண் இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு கிழவியின் நெற்றிக்கு மேல் வெள்ளிக் கொடி ஓடியது. பக்கத்தில் இருந்தவள் தலையிலும் அதே கொடி. அடுத்தவள் தலையிலும். என் பஸ் வந்து போய்விட்டது.

நேராகப் பிள்ளையார்பாளையம் போய் நெசவாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நம்ம கொடிதான் டீச்சரம்மா. ஒரு பொண்ணு கட்டத்தான் நெய்ஞ்சேன். ஊரே கட்டிக்கினு குந்திக்கீது." என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "அழுவாதம்மா. உசுரோட இருக்கப்போய்தான வெட்டியிருக்குது உம் பொண்ணு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தை ஓட்டினேன்.

மழையிலும் அந்தப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. தாயை மிதித்துக்கொண்டு லாரியை ஓட்ட எந்தப் பையனும் தயாராக இல்லை. முதலில் பாலத்தில் சண்டை நின்றது, பிறகு ஊரில். கடைசியில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பாலம்தான் ஆரம்பம் என்கிறாள் மகள். போன் வந்ததும் அவள் முதலில் பேசியது புடவையைப் பற்றித்தான்.

"கடையெல்லாம் மூடியிருந்ததும்மா. வெள்ளைத் துணியே கிடைக்கல."

"பெட்ஷீட்டு இல்லியா?"

"கட்டுப் போடக் கிழிச்சாச்சு. நான் பாலத்துல பின்னாடி அவங்களுக்குத் தண்ணி குடுத்துக்கினு இருந்தேன். திட்டணும்னா திட்டிடும்மா."

"எப்ப வர்ற?"

"மாத்து ஆளு வரட்டும்மா."

விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. மாற்று ஆள் இன்னும் போகவில்லை. அதே கொடியை நெசவாளர் மறுபடி தறியில் ஏற்றியிருக்கிறார். ஜாக்கெட் துணி மட்டும் பீரோவில் அப்படியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன். அளவாவது எடுத்து அனுப்புடி என்றேன்.

"வந்தே குடுக்கறேன். இளைச்சிட்டேன், தெரிஞ்சா நீ தூங்கமாட்ட."

தெரிந்துவிட்டது. தூக்கம் இல்லை. பழைய அளவிலேயே தைத்து வைக்கட்டுமா என்று டெய்லர் கேட்டார். வேண்டாம், அவள் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.