பக்கத்து சீட்

அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை மெக்கானிக் நான்கு நாளாகத் தனியாக ஓட்டிப் பார்த்தார். கியர் ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. கார்க்கார அம்மாவோ அடித்துச் சொன்னார்: "நானும் வீட்டுக்காரரும் போனா மட்டும் மூணாவது கியருக்கே போக மாட்டேங்குது."

அப்போதுதான் மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. கியரை மாற்றும் கம்ப்யூட்டர் பெட்டி பக்கத்து சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் வயர் நசுங்கும். உட்கார யாரைக் கூப்பிடுவது? போனில் இருந்த நம்பரெல்லாம் உதிரிபாகக் கடைகள். எரிச்சலோடு ஒரு மணல் மூட்டையைத் தூக்கி அந்த சீட்டில் வைத்து ஓட்டினார். இரண்டாவது கியரைத் தாண்டாமல் வண்டி முக்கிக்கொண்டே போனது.

வயரை மாற்றி, மூட்டையோடு மறுபடி ஓட்டினார். கியர் ஒழுங்காக மாறியது. வேலை முடிந்தது.

"இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டபடி மூட்டைக்கு பெல்ட் மாட்டினார்.