யானைச் சவாரிக்கு முன் நிரப்ப வேண்டிய படிவம்

காலை ஒன்பது மணிக்குச் சத்துவாச்சாரியில் டாக்ஸி ஏறினோம்: நான், மனைவி கஸ்தூரி, மகள் நிர்மலா. சென்னை விமான நிலையம் நூற்று முப்பது கிலோமீட்டர். நாங்கள் போனபோது தாய்லாந்துக்கு விசா தேவையில்லை. இணையத்தில் வருகைப் பதிவை நிரப்பினால் போதும். அதை மூன்று பிரதிகள் எடுத்து வைத்திருந்தேன். கடைசிவரை யாரும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒழுங்காக நடந்துகொள்பவனுக்கு உலகம் தரும் மரியாதை அவ்வளவுதான்.

காவேரிப்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது டிரைவர் கஸ்தூரியிடம் விசாரித்தார்.

"இன்னாம்மா, ஃபாரின் டூரா?"

"யானை மேல ஏறப் போறேன்."

"அதுக்கு அவ்ளோ தூரமா? நம்மூர்ல இல்லாத யானையா?"

"நம்மூர் யானை ஆசீர்வாதம்தான் பண்ணும். ஏத்திக்காது" என்றாள் கஸ்தூரி.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். எதையும் கேட்டுப் பழக்கமில்லை. போன வருடம் மார்பில் அறுவை சிகிச்சை, பிறகு ஊசிகள். எல்லாம் முடிந்ததும் இதை மட்டும் கேட்டாள். கடைசிப் பரிசோதனை முடிவை டாக்டர் என்னிடம்தான் சொன்னார், அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு. "எல்லாம் சரியாயிடும்னு சொன்னாரு" என்று நான் அவளிடம் வந்து சொன்னேன். நிர்மலாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த முடிவு இருந்த ஃபைல் என் கைப்பையில் வந்தது. வெளிநாட்டில் நோயாளியோடு போகிறவன் ஆவணங்களை உடன் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை, சியாங் மாய் நகரிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போய், மே தேங் பகுதியில் ஒரு யானை முகாமை அடைந்தோம். அரை மணி நேரச் சவாரி, இருக்கைக்கு இருவர், ஆயிரத்து இருநூறு பாட். நம் பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம். பணத்துக்கு முன்னால் படிவம். இதய நோய் உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை உண்டா, தற்போது சிகிச்சையில் இருக்கிறீர்களா?

"இன்னாங்க கேட்டிருக்கு?"

"சும்மா. பேரு, ஊரு."

முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் பொய்யான படிவம் ஒன்றில்கூட நான் கையெழுத்திட்டதில்லை. மூன்று கேள்விகளுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தேன்.

பத்தேகால் மணிக்கு மர மேடையில் ஏறி, அங்கிருந்து யானையின் முதுகில் கட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நிர்மலா கீழேயே நின்று படம் எடுத்தாள். பெண் யானை. கழுத்தில் உட்கார்ந்திருந்த பாகர் அதைத் தட்டி, "சிக்ஸ்டி டூ" என்றார்.

"என் வயசுதான்" என்று கஸ்தூரி சிரித்தாள். ஆற்றில் இறங்கியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது.

நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் மேஜையில் இருந்தவன். தோலைத் தடவித் தரம் பிரிப்பது வேலை. வண்டி இழுத்த மாட்டின் தோலில் நுகம் அழுத்திய இடம் தடித்திருக்கும். எத்தனை சாயம் ஏற்றினாலும் கைக்குத் தெரிந்துவிடும். திரும்புகிற வழியில் என் கை தானாக இருக்கைக்கு அடியில் போனது. பெஞ்சைக் கட்டிய பட்டை அழுத்தும் இடத்தில் முதலில் காய்ப்பு. அதற்குள் ஈரம்.

"ரிஜெக்ட்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பழக்க தோஷம்.

தொழிற்சாலைக்காரிக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. "எது ரிஜெக்ட்?"

"ஒண்ணுமில்ல."

"கையக் காட்டுங்க."

விரல்களில் ஊதா மருந்து ஒட்டியிருந்தது.

"புண்ணா?"

"சின்னதுதான். மருந்து போட்டிருக்காங்க. எல்லாம் சரியாயிடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் இதையேதான் சொன்னீங்க. இதே மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு."

விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தேன்.

"எறங்கலாம். இதுக்குப் பாரம் கம்மியாகட்டும்" என்றாள்.

பாகரிடம் சைகையில் சொன்னேன். அவர் தூரத்து மேடையைக் காட்டி, பத்து விரல்களை விரித்தார். மேடை இல்லாமல் இறங்க வழியில்லையாம். பத்து நிமிடமும் அந்தப் புண்ணின் மேல்தான் உட்கார்ந்து வந்தோம். கஸ்தூரி மட்டும் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, உடம்பைச் சற்றுத் தூக்கியபடியே வந்தாள்.

"அம்மா, இங்க பாரு, சிரி" என்றாள் நிர்மலா மேடையிலிருந்து. கஸ்தூரி சிரித்தாள். வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம்தான். பார்க்கிறவர்கள் எல்லோரும் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள்.

மறுநாள் மாலை ஊர் திரும்பும் விமானத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் என்றால் முகாம்காரர்களைப் பற்றி யாருக்கு மனு எழுதலாம், எத்தனை பிரதி என்று இந்நேரம் யோசித்திருப்பேன். படிவத்தில் மூன்று பொய் எழுதியவனுக்கு அந்தத் தகுதி இல்லை. கைப்பையிலிருந்து ஃபைலை எடுத்து கஸ்தூரியின் மடியில் வைத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். கடைசித் தாளுக்கு முந்தைய தாளில் விரல் நின்றது.

"ஏங்க, இந்த நம்பரு ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்தி. கொறஞ்சிருக்கணும்" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு, கடைசித் தாளைத் திருப்பினாள்.