உட்காருவதற்குச் சம்பளம்

என் அண்ணனுக்குத் தெரு வைத்த பெயர் நங்கூரம். போட்ட இடத்தில் கிடப்பான் என்பதால் மட்டுமல்ல, அவன் பிழைப்பே அதுதான். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது, இறங்கிய துளையின் வாயில் இவன் உட்கார்ந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவன் இரும்பில் மூன்று தட்டுத் தட்டினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். தட்டாவிட்டால் மீட்பு ஆட்களுக்கு மணி அடிக்க வேண்டும். என்ன ஆனாலும் இவன் மட்டும் உள்ளே இறங்கக் கூடாது, விஷவாயு இருந்தால் இறங்கியவனும் சேர்ந்து விழுவான். உட்காருவதற்குக்கூடச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெல்டர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டான். இன்னொருவன் காப்பாற்றக் குதிக்கப் போனான். அண்ணன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, சுவாச முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் வரும்வரை விடவில்லை. விழுந்தவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. கூட்டாளி உள்ளே கிடக்க, மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தானாம், பயந்தாங்கொள்ளி. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சண்டையில் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். என் வாய்க்குப் பொதுவாக யாரும் பதில் பேசுவதில்லை.

இந்த விடுமுறையில் அவன் மகளுக்கு ஒரு ஆசை. கடலுக்கு அடியில் போக வேண்டும். எட்டு வயதுக்காரி கேட்டால் இவன் மாட்டேன் என்பானா? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைக் கடலாக்கினான். செங்கல் மேல் படுக்க வைத்த ஏணி, உடைந்த கப்பலின் மேல்தளம். குறுக்கும் நெடுக்குமாக மணி கட்டிய கயிறுகள், சுறா மீன்கள். மணி அடித்தால் கடிபட்டதாகக் கணக்கு. பழைய டயர்கள், பவளப்பாறை. கடைசியில் மூழ்கிய கப்பலின் குழாய்: இரண்டு பக்கமும் அறுத்த ஐந்து பிளாஸ்டிக் பீப்பாய்களைப் போல்ட் போட்டு இணைத்து, நடுவில் ஒரு வளைவு வைத்து, உருளாமல் இருக்க மேலேயும் பக்கத்திலும் மணல் மூட்டை அடுக்கியிருந்தான். மகளின் தோளை அளந்துதான் செய்தான். என்னிடம் ஒன்றை மட்டும் மூன்று முறை சொன்னான், உள்ளே போகும் பிள்ளையின் உடம்பில் எதுவும் தொங்கக் கூடாது என்று.

நான் தையல்கடை வைத்திருப்பவள். முதுகில் காற்று உருளை இல்லாமல் கடலுக்குள் இறங்குகிறவளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்குமா? இரண்டு பாட்டில்களுக்கு வெள்ளி வண்ணம் அடித்து, பட்டை வைத்து, அவளுக்கு மாட்டிவிட்டேன். கொக்கி வைத்தால் அசிங்கமாகத் தெரியும் என்று பட்டையை முதுகுப் பக்கம் சேர்த்துத் தைத்தே விட்டேன்.

தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்து நின்றார்கள். அண்ணன் அறுந்துபோன ஒரு மணியைக் கட்டிக்கொண்டிருந்தான். குழாய் வாயில் அவன் இன்னும் உட்காரவில்லை. பிள்ளைகள் அவசரப்பட்டார்கள், எனக்கும் அவசரம். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நான்தான் அவளைப் பார்த்து, ஓடு என்றேன்.

ஏணி, கயிறு, டயர், எல்லாவற்றையும் தாண்டிக் குழாய்க்குள் நுழைந்தாள். மறுமுனையில் தலை வரவில்லை. ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பிறகு அழுகை.

"அப்பா, முதுகு மாட்டிக்கிச்சு."

அண்ணி ஓடிவந்தாள். யாரோ ரம்பம் எடுத்துவரக் கிளம்பினார்கள். அண்ணன் யாரையும் தொட விடவில்லை. வாயருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து டார்ச்சை உள்ளே அடித்தான். வளைவில், போல்ட் தலையில், என் பட்டை மாட்டியிருந்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "கொக்கி எங்க?"

என் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லண்ணா. தைச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. பீப்பாயைப் பிரிக்க வேண்டி வந்தால் என்று, மறுமுனையில் மூட்டைகளைக் குழாய் ஆடாமல் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி அண்ணியை அனுப்பினான். பிறகு உள்ளே பார்த்து, காய்கறி விலை கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தான். அப்பா இங்கேதான் இருக்கிறேன் என்றான். மூன்று தட்டுத் தட்டச் சொன்னான். தட்டினாள். அழுகை கொஞ்சம் அடங்கியது. மறுபடி கூப்பிட்டான், மறுபடி மூன்று தட்டு.

"இப்ப ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டும்மா. இறுக்கமான சட்டையக் கழட்டுவல்ல, அது மாதிரி. பட்டை அங்கயே கிடக்கட்டும். நீ மட்டும் அப்பாகிட்ட பின்னாடி நழுவி வா."

உள்ளே ஏதோ உரசியது. அப்புறம் அதுவும் நின்றது.

கூப்பிட்டான். தட்டு இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். இல்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நான் செய்த வினை, நானே போகிறேன் என்று குழாய்க்குள் தலையை விட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

"நீ போனா வெளிச்சமும் போயிடும், காத்தும் போயிடும். உக்காரு."

அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கை என் முதுகில் வெடவெடவென்று நடுங்கியது. அன்றைக்குக் கப்பலில், அந்த இன்னொருவன் சட்டையைப் பிடித்த கையும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். பயந்தாங்கொள்ளி என்று சொன்ன என் வாயை அடுப்பில் வைத்தால் என்ன என்று இருந்தது.

மூன்றாவது முறை கூப்பிட்டான். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள் வந்தன, அழுக்கான பாதங்கள். பிறகு முழங்கால், பிறகு மேலே சுருண்ட சட்டை. கடைசியில் சிவந்துபோன ஒரு முகம். அண்ணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டாள்.

"ஏன்டி தட்டல?" என்றேன். அதட்டத்தான் நினைத்தேன், அழுகையாக வந்தது.

"ரெண்டு கையும் மேல இருந்துச்சே அத்தை. எதால தட்டுறது?"

அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டுப் பாட்டில்களை இழுத்து எடுத்து என் மடியில் வைத்தான். அந்த வளைவைப் பிரித்துவிட்டுக் குழாயை நேராக்கினான். அதற்கு அரை மணி நேரம் ஆனது. அத்தோடு எல்லாம் முடிந்தது, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அண்ணியின் இடுப்பிலிருந்து இறங்கி அவள் குழாய் முன்னால் வந்து நின்றாள். உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நீ இங்கயே உக்காந்திருப்பியா?"

"வேற எங்க போவேன்?"

அவள் குனிந்து உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் பதினோரு பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அண்ணி வீட்டுக்குள் போய் ஒரு முக்காலி கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து அவனை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றான் அண்ணன், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிச்சத்த மறைக்கிற."

தள்ளி உட்கார்ந்தேன்.