பதினொரு சென்ட் பாறை

ஊரில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். நிலம் அளப்பது அவர் தொழிலல்ல. தம்பியை அளப்பதுதான் தொழில். சிறுவயதில் தம்பியின் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பார். தம்பி வீடு கட்டியபோது ஜன்னல்களை எண்ணினார், ஆறு. தன் வீட்டில் ஐந்துதான் என்பதால் சமையலறைச் சுவரை இடித்து ஆறாக்கினார். அதைத் திறந்தால் மாட்டுக்கொட்டகை. காற்று வரும், கூடவே மற்றதும் வரும். மனைவி அதைத் திறப்பதே இல்லை.

இதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வண்டி எடுப்பவர் அவர்தான். டாக்டர் தம்பியை ரொம்ப நேரம் பார்த்தாரே என்று திரும்பும் வழியில் முகம் சுண்டிப்போகும், அவ்வளவுதான்.

அப்பாவின் நிலம் பத்து ஏக்கர் பதினொரு சென்ட். ஆளுக்கு ஐந்து ஏக்கர் போக, நடுவில் மிஞ்சிய பதினொரு சென்ட் சுத்தப் பாறை. அது விளைநிலம் என்று சத்தியம் செய்து, ஏழு வருடம் வழக்கு நடத்தி, இரண்டு வக்கீல்களின் பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடைசியில் ஜெயித்தார். தீர்ப்பு வந்த அன்று பாறைமேல் ஏறி நின்று தம்பியின் வயலைப் பார்த்தார். அதற்கு மட்டும் அந்தப் பாறை நல்ல தோதாக இருந்தது.

இவர்களுக்கு ஒரு தங்கையும் உண்டு. பக்கத்து ஊரில் தையல்காரி. பாகம் பிரித்தபோது அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் சண்டையே வரவில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, தம்பியின் வயலில் ஒரு லாரி வந்து நின்று சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களை இறக்கும் வரை.

"என்ன விலைடா?"

"விலையெல்லாம் இல்லண்ணா. சிறு விவசாயிக்கு அரசாங்கம் முழுசாக் குடுக்குது. நீயும் எழுதிக் குடேன்."

அன்றிரவே அளவுக்காரர் நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்தார். மறுநாள் வேளாண்மை அலுவலகம் திறக்கும் முன்பே வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த எழுத்தர் அம்மா பத்திரத்தைப் புரட்டினார்.

"ஐயா, அஞ்சு ஏக்கர் வரைக்கும்தான் சிறு விவசாயி. உங்களுக்கு அஞ்சு ஏக்கர் பதினோரு சென்ட் இருக்கு. நீங்க பெரிய விவசாயி."

வாழ்நாள் முழுக்க யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவர் ஏங்கிய வார்த்தை.

"அது வெறும் பாறைம்மா."

"விளைநிலம்னு கோர்ட்டுத் தீர்ப்பே வெச்சிருக்கீங்களே."

"சம்சாரம் பேருக்கு மாத்திட்டா?"

"குடும்பத்துக்கே ஒரே கணக்குதான். மாசக் கடைசியில பட்டியலை முடிச்சிடுவோம். அதுக்குள்ள குறைச்சிட்டு வாங்க, சேர்த்துக்கறேன்."

விற்கலாம் என்றால், இரண்டு வயல்களுக்கு நடுவே வழியில்லாத பாறையை எவன் வாங்குவான்? தம்பி ஒருவன்தான் பாக்கி. அவன் வாசலை மிதிக்க மனசைத் தயார்செய்யவே அளவுக்காரருக்கு நான்கு நாள் ஆனது.

"அந்தப் பாறையை நீயே வெச்சுக்கடா. காசு வேண்டாம்."

தம்பி டீயை நிதானமாக விழுங்கினான். "வேண்டாம்ணா. ஒரு சென்ட் கூடினாலும் நான் அஞ்சைத் தாண்டிடுவேன். மோட்டாருக்கு வேற எழுதிக் குடுத்திருக்கேன். பெரிய விவசாயிங்கற பேரு உனக்குத்தான் பொருத்தம்."

வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கா?"

"அவளுக்கு எதுக்கு நிலம்?"

"அன்னைக்கும் இதையே கேட்டுத்தான் குடுக்காம விட்டீங்க. ஆபீஸ்ல போயி வெறும் பாறைன்னு சொன்னவரு, அதைக் குடுக்க எதுக்கு யோசிக்கறீங்க?"

தங்கை வந்தாள், அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே. பத்திரத்தைக் கையில் வாங்கி, "எனக்காண்ணா?" என்று கேட்டபோது அவள் குரல் இடறியது. அளவுக்காரருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. அது மூன்று மாதம் நீடித்தது.

பட்டியலில் பெயர் ஏறியது, குழாயும் வந்தது. சுருள்களை எண்ணினார்; தம்பிக்கு வந்த அதே எண்ணிக்கை. ரசீதில் கையெழுத்துப் போட அலுவலகம் போனபோதுதான் எழுத்தர் அம்மா சொன்னார்.

"உங்க தங்கச்சி குடுத்துவெச்சவங்க ஐயா. குறு விவசாயிக்கான தவணைப் பணம் சேங்ஷன் ஆயிடுச்சு. வருஷத்துக்கு மூணு தடவை, நேரா பேங்க்ல விழும்."

"பாறையில என்ன விவசாயம்?"

"விளைநிலம்னு உங்க தீர்ப்பைத்தான் சேர்த்துக் குடுத்திருக்காங்க."

அவர் நேராக வயலுக்கு நடந்தார். பாறைமேல் பழைய சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பி, வரிசையாகப் பூசணிக் கொடி ஏற்றியிருந்தாள் தங்கை. நடுவில் குந்தி ஒரு நுனியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் தம்பி ஏற்கெனவே நின்றிருந்தான். அவனுக்கும் சேதி எட்டியிருந்தது.

"என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாமேண்ணா. தனி ரேஷன் கார்டு வெச்சிருக்கற என் மருமக பேர்லயாவது எழுதி வாங்கியிருப்பேன்."

அண்ணனும் தம்பியும் பல வருடங்களுக்குப் பிறகு ஒரே வரப்பில், தோளோடு தோள் உரச, ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். தம்பியின் முகம் நன்றாகவே சுண்டியிருந்தது. அது தன் முகம் சுண்டிய அளவுக்கு இருக்குமா என்று அளவுக்காரர் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.