அவர் போட்ட கைபேசி எண்

ஒடுகத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுத் தரும் கடை வைத்திருந்தார் அவர். நெற்றியில் சந்தனம், தோளில் வெள்ளைத் துண்டு. எந்த விண்ணப்பத்தையும் அனுப்புவதற்கு முன் துண்டால் கணினித் திரையை ஒருமுறை துடைப்பார். துடைத்த கையோடு பொத்தானை அழுத்திவிடுவார்.

நான் ஜவ்வாது மலையிலிருந்து யாருக்கும் தெரியாமல் இறங்கி வந்திருந்தேன். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் பிரெஞ்சும் சேர்ந்த இரட்டைப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"இன்னாம்மா, ஒரே நேரத்துல ரெண்டு டிகிரியா? வூட்ல தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றேன்.

கைபேசி எண் கேட்ட இடத்தில் அவர் தன்னுடைய எண்ணைத் தட்டினார்.

"மலையில டவர் கெடைக்காதும்மா. போன வருசம் உங்க பக்கத்து ஊர்ப் பொண்ணுக்கும் இப்பிடித்தான் போட்டேன். சீட்டு கெடைச்ச மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு. அவங்கப்பாகிட்ட காட்டினேன். அழிச்சிடுங்கன்னாரு. அழிச்சிட்டேன்."

"அவளுக்குச் சொல்லலையாங்க?"

"பெத்தவருகிட்ட சொன்னா போதாதா?"

அவளை எனக்குத் தெரியும். இடம் கிடைக்கவில்லை என்று நம்பித்தான் தை மாதம் கழுத்தை நீட்டினாள்.

"உங்கப்பா நம்பரும் என்கிட்ட இருக்குது. பட்டாவுக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன். மெசேஜ் வந்ததும் சொல்லிட்றேன், நீ அலைய வேணாம்."

அந்தக் குரலில் இருந்த பரிவு பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் எண்ணையே போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் திரையைத் துடைத்துவிட்டிருந்தார்.